எல்லாவற்றுக்கும் ஒரே மைக்

கேள்வி: பாட்டு, வயலின், மிருதங்கம் மூன்றுக்கும் பொருந்தும் ஒரே வகை மைக்கை ஒரு சிறிய கச்சேரிக் குழு வாங்குவதானால் எது தக்கது?
– வாசகர், கூடுவாஞ்சேரி

பதில்: கோயில் பந்தல், கல்யாண மண்டபம், மாமல்லபுரத்துக் கடற்கரைத் திறந்தவெளி என இடம் மாறிக்கொண்டே இருக்கும் குழுவுக்கு, ஒலியலையால் அசையும் மென்தகட்டோடு ஒட்டிய கம்பிச்சுருள் காந்தப்புலத்தில் நகர்ந்து மின்சைகையை உண்டாக்கும் டைனமிக் வகையே தக்கது, ஏனெனில், மின்தேக்கித் தத்துவத்தில் இயங்கும் கண்டென்சர் வகை வயலினின் நுண்மையை மேலும் தெளிவாகப் பிடித்தாலும், பெரும்பாலும் கம்பி வழியே 48 வோல்ட் மின்னழுத்தத்தை வேண்டுவதோடு, கடலோர ஈரப்பதத்தாலும் எளிதில் பாதிப்படையும். முன்புற ஒலியை ஏற்றுப் பின்புற ஒலியைப் பெரிதும் தவிர்க்கும் 'கார்டியாய்டு' அமைப்பு இருந்தால், பாடகரை நோக்கிய மானிட்டர் ஒலிபெருக்கியால் எழும் ஊளை குறையும் (மைக்கை அந்தப் பெட்டியின் முன் நீட்டினால் எந்த அமைப்பும் உதவாது). 1966-இல் வந்த ஷூர் எஸ்எம்58 பாட்டுக்கென வடிவமைக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு வந்த எஸ்எம்57 கருவிகளுக்கு இன்னும் ஏற்றது என்றாலும், பகரத்தை உச்சரிக்கையில் வெடிக்கும் வாய்க்காற்றைத் தணிக்கும் கம்பிவலைக் கோளம் அதில் இல்லாததால், ஒன்றுதான் வாங்க இயலுமெனில் எஸ்எம்58-ஏ சரி. மிக அருகில் வைத்தால் தாழ்ந்த அதிர்வெண் ஒலிகள் மிகும் என்பதால், மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் ஒரு சாண் தள்ளி வைப்பது நல்லது. போலிகள் மலிந்த பொருளாதலால், அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடமே வாங்குக.