பழைய காரின் மின்பழுதைக் கண்டறியும் முறை

பழைய கார் ஒன்று கிளம்ப மறுத்தால், நம்மில் பலர் உடனே புதிய உதிரிப் பாகத்தைத் தேடுகிறோம். முதலில் தேட வேண்டியது பழுதின் காரணத்தையே.

நாமறிந்த தோட்டக் குடும்பம் ஒன்றில், தாத்தா விட்டுச் சென்ற மோரிஸ் மைனர் கார் ஒன்று உள்ளது. 1948 முதல் 1971 வரை இங்கிலாந்தில் தயாரிக்கப்பட்ட இவ்வகைக் கார்கள், ஒரு காலத்தில் நம் நாட்டுச் சாலைகளிலும் நிறைய ஓடின. ஒருநாள் அக்கார் நின்றுவிட்டது. இயந்திரம் சுழன்றது, ஆனால் தீப்பற்றவில்லை. பேரன் புதிய பேட்டரி வாங்கினான், பயனில்லை. புதிய காயிலும் வாங்கினான்; அப்போதும் பயனில்லை. சேமிப்புக் கரைந்தபின், காரைப் பழைய இரும்புக்கு விற்றுவிடலாம் என வீட்டார் முடிவு செய்தனர். அந்நிலையில்தான் நாம் அதைச் சோதித்துப் பார்த்தோம்.

மின்சாரம் செல்லும் வழி

பேட்டரியின் 12 வோல்ட் மின்சாரம், சாவி வழியாகக் காயிலையும், அதன்பின் டிஸ்ட்ரிபியூட்டரில் உள்ள பாயிண்டையும் அடைகிறது. பாயிண்ட் மூடியிருக்கும்போது காயிலில் காந்தப்புலம் உருவாகிறது. பாயிண்ட் திறந்தவுடன் அது குலைந்து, பல்லாயிரம் வோல்ட் மின்னழுத்தம் பிறக்கிறது. அதனை ரோட்டர் 1-3-4-2 என்னும் வரிசையில் நான்கு பிளக்குகளுக்கும் பகிர்ந்தளிக்கிறது. இவ்வழியில் எங்கே தடை என்பதை வரிசையாகக் காண்பதே பழுதறியும் கலை.

சோதிக்கும் வரிசை

முதலில் பேட்டரி. ஸ்டார்ட்டரை இயக்கும்போது முன்விளக்குகள் அடியோடு மங்கினால், பேட்டரியில் மின்சாரம் குறைந்திருக்கலாம். அல்லது முனைகளில் பூத்த உப்பு, தளர்ந்த எர்த் கம்பி ஆகியவை காரணமாகலாம். முனைகளைக் கழற்றித் துடைத்து இறுக்குதல் வேண்டும். மைனர் காரில் பேட்டரியின் நேர்முனையே காரின் உடலோடு இணைக்கப்பட்டது. பிற்காலத்தில் எவரேனும் மாற்றியிருந்தாலன்றி, இதனைத் தலைகீழாக இணைத்தல் கூடாது.

அடுத்து, இரு கம்பிகள் பொருத்திய 12 வோல்ட் சிறுவிளக்கு ஒன்று போதும். கியரை நியூட்ரலில் வைத்து, காயிலின் தடித்த நடுக் கம்பியை டிஸ்ட்ரிபியூட்டர் மூடியிலிருந்து கழற்றி, இயந்திர உடலோடு படும்படி வைக்கவும். இவ்வாறு செய்தால் சோதனையின்போது இயந்திரம் திடீரெனக் கிளம்பாது. சாவியைத் திருப்பி, விளக்கின் ஒரு கம்பியைக் காரின் உடலிலும், மற்றதைச் சாவியிலிருந்து மின்சாரம் வரும் காயில் முனையிலும் வைக்கவும். எரியாவிட்டால் பழுது சாவியிலோ அதன் கம்பியிலோ உள்ளது.

எரிந்தால், பாயிண்டுக்குச் செல்லும் மறுமுனையில் வைத்து இயந்திரத்தை மெல்லச் சுழற்றவும். விளக்கு எரிந்து அணைந்து மாறிவந்தால் பாயிண்ட் சரியாக இயங்குகிறது. எப்போதும் எரிந்தால் பாயிண்ட் அழுக்கடைந்துள்ளது, அல்லது மூடவில்லை. எப்போதும் எரியாதிருந்தால் காயில் அறுந்திருக்கலாம். அல்லது பாயிண்டுக்கான கம்பி எங்கேனும் உடலோடு உரசிக்கொண்டிருக்கலாம்.

அந்த மோரிஸ் காரில் விளக்கு எரியவே இல்லை. பாயிண்டுக்கான கம்பியைக் காயிலிலிருந்து கழற்றியதும் எரிந்தது! ஆகவே காயிலில் குறையில்லை. டிஸ்ட்ரிபியூட்டரைத் திறந்து பார்த்தோம். விரல் நீளமே உள்ள சிறு கம்பியின் உறை நைந்து, அடித்தட்டில் பட்டுக்கொண்டிருந்தது. கம்பியை மாற்றியதும் கார் கிளம்பியது.

இவையனைத்தும் சரியாக இருந்தும் பாயிண்டில் பெரும்பொறி பறந்து, பிளக்கில் பொறி மங்கலாயிருந்தால், கண்டென்சரைச் சந்தேகிக்கலாம். மழைநாளில் மட்டும் தொல்லை தந்தால், டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் ஈரமோ கீறலோ உள்ளதா எனக் காண்க. பாயிண்ட் இடைவெளி 0.015 அங்குலமும், பிளக் இடைவெளி 0.025 அங்குலமும் இருத்தல் நலம்.

எச்சரிக்கை

தடித்த கம்பிகளை வெறுங்கையால் தொடலாகாது. பெட்ரோல் கசிவுள்ள இடத்திலும், மின்னேற்றப்படும் பேட்டரியின் அருகிலும் பொறியை உண்டாக்கலாகாது.

பேரன் செலவிட்ட பணம் திரும்பாது. ஆயினும் இன்று அவனிடம் ஒரு சோதனை விளக்கு உண்டு. தாத்தாவின் காரும் வீட்டு வாசலில் நிற்கிறது. காரணத்தை அறிந்தபின் பாகத்தை வாங்குவோம். கைப்பொருளும் காப்போம், கைத்தொழிலும் கற்போம்.