பட்டம் வேறு, பதிவு வேறு
வெளிநாடு செல்லும் உளவியல் பட்டதாரிகளுக்கு ஒரு பாடம்



திருவனந்தபுரம் மாவட்டத்தில், அகத்தியர் மலையின் அடிவாரத்தில் உள்ளது போனக்காடு. அங்குள்ள தேயிலைத் தோட்டத்திற்கு வேலை தேடி வந்த நம் முன்னோர் கையில் சான்றிதழ் எதுவும் இருக்கவில்லை. தோட்டத்துப் பேரேட்டில் பெயர் ஏறினால் வேலை நிச்சயம். பின்னாளில் அங்கே தொழிற்சாலை மூடப்பட்டது. சம்பளமும் பணிக்கொடையும் நிலுவையில் நின்றன. லயங்களில் வாழ்ந்த குடும்பங்களுக்குப் பிள்ளைகளின் படிப்பே மிஞ்சிய சொத்து.

அப்படிப்பட்ட ஒரு வீட்டுப் பெண் உளவியலில் எம்.எஸ்ஸி. முடித்து வெளிநாடு புறப்படுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். நகையை அடகு வைத்து டிக்கெட் எடுத்தாயிற்று. அங்கே போய் இறங்கிய பின், "உங்கள் பட்டம் சரிதான், ஆனால் உளவியலராகப் பணிபுரிய உங்களுக்குப் பதிவு இல்லை" என்று சொல்லிவிட்டால்? அந்த நிலை வராமல் காத்துக்கொள்வது எப்படி என்பதே இப்பாடம்.

1. இரண்டு அங்கீகாரங்கள்

நம் பட்டம் அந்த நாட்டின் எந்தப் பட்டத்திற்கு இணை என்று மதிப்பிடுவது முதலாவது. அத்தொழிலைச் செய்ய அனுமதி தருவது இரண்டாவது. மருத்துவப் படிப்பை முடித்தவரும் பதிவு செய்த பிறகே வைத்தியம் பார்க்க முடியும் அல்லவா? உளவியலும் அப்படித்தான். விசா கிடைத்துவிட்டால் இவ்விரண்டும் கிடைத்துவிட்டதாக எண்ணிவிடக் கூடாது.

2. நம் நாட்டு நிலை

மருத்துவ உளவியலராகப் பணியாற்ற இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிய வேண்டும். இது 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஏற்பட்டது. எம்.ஏ. அல்லது எம்.எஸ்ஸி. மட்டும் இதற்குப் போதாது. மருத்துவமனைப் பயிற்சியோடு கூடிய இரண்டாண்டு எம்.ஃபில். படிப்பே நெடுங்காலம் முக்கிய வழியாக இருந்து வந்தது. மற்ற உளவியலர்களை 2021ஆம் ஆண்டின் சுகாதாரத் தொழில்கள் சட்டம் தன் வரம்பிற்குள் கொண்டுவந்தது. அதன் தொடர்ச்சியாக 2025இல் பல்கலைக்கழக மானியக் குழு, உளவியலைத் தொலைநிலையிலும் ஆன்லைனிலும் புதிதாகக் கற்பிப்பதை நிறுத்தச் சொன்னது. எனவே அத்தகைய படிப்புக்குப் பணம் கட்டுமுன் ஒன்றுக்கு இரண்டு முறை விசாரியுங்கள்.

3. நாட்டுக்கு நாடு வேறுபாடு

பிரிட்டன்: 2009 முதல் ஹெச்.சி.பி.சி. என்னும் மன்றம் பதிவு செய்கிறது. கிளினிக்கல், கவுன்சலிங், எஜுகேஷனல் சைக்காலஜிஸ்ட் முதலிய பட்டப்பெயர்கள் சட்டப் பாதுகாப்புப் பெற்றவை. பதிவின்றி அவற்றைப் போட்டுக்கொள்வது குற்றமாகும்.

ஆஸ்திரேலியா: 2010 முதல் நாடு முழுவதற்கும் ஒரே பதிவு முறை. இங்கே 'சைக்காலஜிஸ்ட்' என்ற சொல்லே பாதுகாக்கப்பட்டது. குடியேற்றத்திற்கான திறன் மதிப்பீடு வேறு, உளவியல் வாரியத்தின் பதிவு வேறு. வெளிநாட்டில் படித்தவர்களுக்கு மேற்பார்வையில் பணியும் தேசியத் தேர்வும் உண்டு.

அமெரிக்கா, கனடா: உரிமம் தருவது மாநிலமோ மாகாணமோதான். அமெரிக்காவில் பெரும்பாலும் முனைவர் பட்டமும் இ.பி.பி.பி. தேர்வும் வேண்டும். கனடாவின் கியூபெக்கிலும் முனைவர் பட்டம் கேட்கிறார்கள்.

வளைகுடா: துபாய், அபுதாபி இரண்டிற்கும் தனித்தனிச் சுகாதாரத் துறை உரிமம். சான்றிதழ் உண்மைதானா என்று நீங்கள் படித்த பல்கலைக்கழகத்திடமே நேரடியாகக் கேட்பார்கள். அங்கிருந்து பதில் தாமதமானால் உங்கள் வேலையும் தாமதமாகும்.

4. புறப்படுமுன் சேர்க்க வேண்டியவை

(அ) பாடத்திட்டம்: மதிப்பெண் பட்டியல் மட்டும் போதாது. எந்தப் பாடம், எத்தனை மணி நேரம் என்ற விவரத்தைப் பல்கலைக்கழக முத்திரையுடன் வாங்கி வையுங்கள்.

(ஆ) பயிற்சிக் கடிதம்: எங்கே, எத்தனை மணி நேரம், எவ்வகை நோயாளிகளுடன், யாருடைய மேற்பார்வையில் பணிபுரிந்தீர்கள் என்பது அதில் இருக்க வேண்டும். மேற்பார்வையாளரின் தகுதியும் பதிவு எண்ணும் அவசியம். அவர் ஓய்வு பெற்றுப் போன பிறகு தேடி அலைய நேரலாம். ஆகவே படிப்பு முடிந்த உடனே கேட்டு வாங்குங்கள்.

(இ) பெயர்: நம்மவர்களுக்குப் பெரிய தொல்லை இதுதான். பள்ளிச் சான்றில் இனிஷியல். பாஸ்போர்ட்டில் தகப்பனார் பெயர் முழுதாக. கல்லூரியில் வேறொரு எழுத்துக்கூட்டல். மூன்றும் ஒருவரே என்று நிரூபிப்பதற்குள் மாதங்கள் ஓடிவிடும். பத்தாம் வகுப்பிலேயே பெற்றோர் இதைக் கவனித்தல் நலம்.

(ஈ) சான்றொப்பம்: கேரளத்தில் நோர்க்கா ரூட்ஸ் அலுவலகம் இதற்கு உதவுகிறது. அப்போஸ்டில் உடன்படிக்கை இந்தியாவுக்கு 2005இல் நடைமுறைக்கு வந்தது. அதில் சேர்ந்த பெரும்பாலான நாடுகளுக்கு அந்த முத்திரை போதும். சேராத நாடுகளுக்குத் தூதரகச் சான்றும் தேவை.

5. காத்திருக்கும் காலம்

பதிவு கிடைக்கும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. பிரிட்டனில் உதவி உளவியலர், மனநல உதவிப் பணியாளர் போன்ற வேலைகளுக்கு அந்தப் பதிவு கட்டாயமில்லை. சம்பளம் குறைவுதான், ஆனால் அனுபவம் பின்னால் கைகொடுக்கும். தமிழும் மலையாளமும் தெரிந்திருப்பதைச் சிறிதாக நினைக்காதீர்கள். மனக்கவலையைத் தாய்மொழியில் சொல்ல ஏங்குகிற முதியவர்கள் எந்த நாட்டிலும் இருக்கிறார்கள்.

வீட்டுப்பாடம்

பணம் கட்டுமுன் குடும்பத்தோடு உட்கார்ந்து மூன்று கேள்விகளுக்கு விடை எழுதிப் பாருங்கள். எந்த நாடு? அங்கே பதிவு தரும் அமைப்பு எது? அது கேட்கும் படிப்பும் பயிற்சியும் நாம் சேரப்போகும் கல்லூரியில் உண்டா? விடைகளை ஏஜெண்டிடம் கேட்காமல், அந்த அமைப்பிடமே நேரடியாகக் கேட்டுப் பெறுங்கள்.

பாட்டன் பெயர் தோட்டத்துப் பேரேட்டில் ஏறியது. பேத்தியின் பெயர் உளவியலர் பதிவேட்டில் ஏறட்டும். அதற்கு வேண்டிய காகிதங்களை இன்றே ஒரு கோப்பில் சேர்க்கத் தொடங்குங்கள்.