விரைவும் காத்திருப்பும்: கப்பல்களும் துறைமுகங்களும் கற்கும் பாடம்

முன்னுரை

உலக நாடுகளுக்கிடையே நடைபெறும் வாணிகத்தில், பொருள்களின் அளவைக் கொண்டு நோக்கினால், ஐந்தில் நான்கு பங்கிற்கு மேல் கடல் வழியாகவே செல்கின்றது. நம் இல்லத்துச் சமையல் எண்ணெயும் பருப்பும், வயலுக்கிடும் உரமும், வண்டிக்கு ஊற்றும் எரிபொருளும் ஏதேனும் ஒரு துறைமுகத்தின் வழியே வந்தவையாக இருக்கலாம். இத்துணைப் பெரிய சுமையைத் தாங்கும் கப்பல் தொழில், இன்று மூன்று வினாக்களுக்கு விடை காண வேண்டிய நிலையில் உள்ளது. புகையைக் குறைப்பது எவ்வாறு? புயலையும் பிற இடர்களையும் தாங்கி நிற்பது எவ்வாறு? இவ்விரண்டிற்கும் ஏற்ப நிர்வாகத்தை அமைப்பது எவ்வாறு? இம்மூன்றும் தனித்தனி வினாக்கள் போலத் தோன்றினும் ஒரே வேரில் கிளைத்தவை என்பதனைத் துறைமுக வாயிலில் கப்பல்கள் காத்துக் கிடக்கும் நிலையைக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கப்பலும் கரியமில வாயுவும்

ஐக்கிய நாடுகள் அவையின் உறுப்பாகிய பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 2020ஆம் ஆண்டில் தனது நான்காம் ஆய்வறிக்கையை வெளியிட்டது. அதன்படி கப்பல்கள் வெளியிட்ட பசுமை இல்ல வாயுக்களின் அளவு 2012இல் 97.7 கோடி டன், 2018இல் 107.6 கோடி டன். மனிதச் செயல்களால் உலகில் வெளியாகும் மொத்த அளவில் இது நூற்றுக்கு மூன்று பங்கிற்குச் சற்றே குறைவு. பங்கு சிறிதெனினும் அளவு சிறிதன்று. வாணிகம் பெருகப் பெருக அதுவும் பெருகும் இயல்பினது.

இதனைக் கருதியே அவ்வமைப்பு 2023 சூலையில் புதிய இலக்குகளை வகுத்தது. 2008ஆம் ஆண்டின் அளவோடு ஒப்பிட்டு, 2030க்குள் குறைந்தது 20 விழுக்காடும், 2040க்குள் குறைந்தது 70 விழுக்காடும் குறைத்து, 2050ஆம் ஆண்டை ஒட்டி நிகர அளவைச் சுழியமாக்குவது என்பது அதன் சாரம். அதே ஆண்டு முதல் 5,000 டன் கொள்ளளவும் அதற்கு மேலும் உள்ள கப்பல்கள், செல்லும் தொலைவிற்கும் சுமக்கும் திறனுக்கும் ஏற்ப வெளியிடும் வாயுவைக் கணக்கிட்டு ‘ஏ’ முதல் ‘இ’ வரை ஐந்து தரங்களில் மதிப்பிடப்படுகின்றன.

இவ்விலக்குகளை அடைய மெத்தனால், அம்மோனியா, ஹைட்ரஜன் எனப் புதிய எரிபொருள்களைப் பற்றியே பலரும் பேசுகின்றனர். அவை தேவையானவையே. ஆயினும் புதிய எரிபொருளும் புதிய எந்திரமும் இன்றியே, இன்றுள்ள கப்பல்களைக் கொண்டே செய்யக்கூடிய ஒன்று உள்ளது. அதுவே வேகத்தை முறைப்படுத்துதல்.

வேகத்தின் கணக்கு

நீரைக் கிழித்துச் செல்லும் கப்பலுக்கு வேண்டிய ஆற்றல், தோராயமாக, அதன் வேகத்தின் முப்படிக்கு ஏற்ப உயர்கின்றது. வேகம் இரு மடங்கானால் ஆற்றல் எட்டு மடங்காக வேண்டும். மெதுவாகச் செல்லும் கப்பல் கூடுதல் நாள்கள் பயணம் செய்வதால், ஒரு குறிப்பிட்ட தொலைவிற்கு ஆகும் எரிபொருள் வேகத்தின் இருபடிக்கு ஏற்ப அமையும்.

மாணவர்கள் எளிதில் உணருமாறு ஓர் எடுத்துக்காட்டு காண்போம். 4,320 கடல்மைல் தொலைவை மணிக்கு 15 கடல்மைல் வேகத்தில் கடக்கும் கப்பலுக்கு 12 நாள்கள் ஆகும். அது நாளொன்றுக்கு 40 டன் எண்ணெய் எரிப்பதாகக் கொண்டால் மொத்தம் 480 டன். துறைமுகத்தை அடைந்ததும் இடமின்றி அது 3 நாள்கள் நங்கூரமிட்டு நிற்கின்றது. அதே கப்பல் மணிக்கு 12 கடல்மைல் வேகத்தில் வந்திருந்தால் 15 நாள்களில், தனக்கு இடம் கிடைக்கும் அதே நாளில் வந்து சேர்ந்திருக்கும். முதன்மை எந்திரம் எரித்த எண்ணெய் ஏறத்தாழ 307 டன் மட்டுமே. மிச்சம் 173 டன். கப்பல் எண்ணெய் ஒரு டன் எரிந்தால் மூன்று டன்னுக்குச் சற்று மேல் கரியமில வாயு உண்டாகும் ஆதலின், ஒரே பயணத்தில் 500 டன்னுக்கு மேற்பட்ட வாயு தவிர்க்கப்படுகின்றது. சரக்கு சேரும் நாளோ மாறவில்லை!

கடலில் தட்பவெப்பமும் நீரோட்டமும் மாறுவதால் நடைமுறையில் இத்துணைப் பயன் எப்போதும் கிட்டாது. பன்னாட்டுக் கடல்சார் அமைப்பின் திட்டமொன்றின் கீழ்க் கொள்கலன் கப்பல்களை ஆராய்ந்து 2022இல் வெளியிட்ட அறிக்கை, பயணம் முழுவதும் வேகத்தைச் சீராக்கினால் சராசரியாக ஏறத்தாழ 14 விழுக்காடும், கடைசி 24 மணி நேரத்தில் மட்டும் சீராக்கினால் ஏறத்தாழ 6 விழுக்காடும் எரிபொருள் மிஞ்சும் எனக் காட்டியது.

ஏன் விரைகின்றன?

இவ்வளவு தெளிவான கணக்கைக் கப்பல் நடத்துவோர் அறியாரோ எனின், நன்கறிவர். அறிந்தும் விரைவதற்குக் காரணம் எந்திரத்தில் இல்லை, ஒப்பந்தத்தில் உள்ளது.

பல துறைமுகங்களில் ‘முன் வந்தவருக்கே முன்னிடம்’ என்பதே வழக்கம். வரிசையில் இடம்பிடிக்கக் கப்பல் நேரில் வந்து நிற்க வேண்டும். சரக்கு வாடகை ஒப்பந்தங்களோ, கப்பல் காலந்தாழ்த்தாது செல்ல வேண்டும் எனக் கட்டளையிடுகின்றன. வந்து சேர்ந்து, ‘ஆயத்தமாக உள்ளோம்’ என்று அறிவிப்புக் கொடுத்த பின்னரே சரக்கேற்றும் காலக் கணக்கு தொடங்குகின்றது. குறித்த காலம் கடந்தால் கப்பல் உடைமையாளருக்குத் தாமதக் கட்டணம் கிடைக்கின்றது. மெதுவாக வரும் கப்பல் தலைவர் எரிபொருளை மிச்சப்படுத்தினும் ஒப்பந்தத்தை மீறியவராகின்றார். விரைந்து வந்து வெறுமனே நிற்பவரோ ஒழுங்காகக் கடமை ஆற்றியவராகின்றார். எரிபொருளுக்குப் பணம் தருபவர் ஒருவர், கப்பலுக்கு உடையவர் மற்றொருவர், சரக்கிற்கு உரியவர் வேறொருவர் என்றிருப்பதால் மிச்சத்தின் பயன் யாருக்கு என்பதிலும் தெளிவில்லை. எனவே புகையைக் குறைத்தல் என்பது முதலாவதாக ஒரு மேலாண்மைச் சிக்கலே எனலாம்.

நியூகாசில் கண்ட புயல்

காத்திருப்பு எரிபொருளை மட்டும் விழுங்குவதன்று. உயிருக்கும் கேடு சூழ வல்லது. இதற்கு ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில், சிட்னிக்கு வடக்கே, ஹன்டர் ஆற்றின் முகத்துவாரத்தில் அமைந்த நியூகாசில் துறைமுகம் சான்றாகும். நிலக்கரி ஏற்றுமதியில் உலகின் முதன்மையான துறைமுகங்களுள் இதுவும் ஒன்று.

2007 மே 23ஆம் நாள் ‘பாஷா பல்கர்’ என்னும் சரக்குக் கப்பல் நிலக்கரி ஏற்றுவதற்காக அங்கு வந்து, 57 கப்பல்கள் கொண்ட வரிசையில் சேர்ந்து, கரைக்கு அருகே திறந்த கடலில் நங்கூரமிட்டது. இரண்டு வாரங்களுக்கு மேலாகியும் அதன் முறை வரவில்லை. சூன் 7ஆம் நாள் நண்பகலுக்குப் பின் காற்று வலுத்தது. பல கப்பல்கள் நங்கூரத்தைத் தூக்கி ஆழ்கடலுக்கு விலகிச் சென்றன. இக்கப்பல் நின்ற இடத்திலேயே நின்றது. மறுநாள் விடியலில் நங்கூரம் இழுபடத் தொடங்கியது. அதன் பின்னரே கப்பல் புறப்பட்டது. சரக்கின்றி உயர்ந்து நின்ற அதனால் புயற்காற்றை எதிர்த்துக் கடலுக்குள் செல்ல இயலவில்லை. முற்பகல் 10 மணிக்குச் சற்று முன்னர் நாபிஸ் கடற்கரையில் தரை தட்டியது. மாலுமிகள் 22 பேரும் ஹெலிகாப்டர் வாயிலாக உயிருடன் மீட்கப்பட்டனர். சூலை 2ஆம் நாள்தான் கப்பலைக் கரையிலிருந்து இழுத்து மிதக்கவிட முடிந்தது.

ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்புக் கழகம் இந்நிகழ்ச்சியை ஆராய்ந்து வெளியிட்ட முடிவுகள் நம் பொருளுக்கு இன்றியமையாதவை. கப்பல் தலைவர்தம் முடிவுகளை மட்டும் அது நோக்கவில்லை. நீண்டு கிடந்த கப்பல் வரிசையே அபாயத்தைப் பெருக்கியது என்றும், அதே புயலில் மேலும் ஒரு கப்பல் தரை தட்டும் நிலைக்கும், வேறு கப்பல்கள் மோதிக்கொள்ளும் நிலைக்கும் நெருங்கின என்றும் அது சுட்டியது. அன்றியும் ஆபத்து வேளையில் கரையிலிருந்து தக்க ஆணை வரும் எனக் கப்பல் தலைவர் சிலர் எதிர்பார்த்திருந்தனர்; கரையிலிருந்தோரோ அவ்வாறு ஆணையிடுவது தம் பணி எனக் கருதவில்லை. பொறுப்பு இருவருக்கும் இடையே நழுவியது.

திறந்த கடலில் நங்கூரமிட்டு நிற்பதன் அச்சம் நம் கரைக்கும் புதிதன்று. செயற்கைத் துறைமுகம் அமைவதற்கு முன், சென்னைக்கு வந்த கப்பல்கள் கரைக்கு அப்பால் திறந்த கடலிலேயே நின்றன. 1746 அக்டோபரில் லபூர்தொனேயின் பிரெஞ்சுக் கப்பற்படை அங்குப் புயலில் சிக்கிச் சிதறியது. பின்னர் எழுப்பப்பட்ட துறைமுகத்தின் அலைதாங்கிச் சுவர்களையும் 1881 நவம்பர்ப் புயல் பெரிதும் உடைத்தது. தாங்குதிறன் என்பது கற்சுவரால் மட்டும் அமைவதன்று என்பதை இவை உணர்த்தும்.

வரிசை முறையில் மாற்றம்

நியூகாசிலில் 2010ஆம் ஆண்டில் நிலக்கரிக் கப்பல்களுக்குப் புதிய வருகை முறை கொண்டுவரப்பட்டது. கப்பல் பல நாள்களுக்கு முன்னரே தன் வருகையை அறிவிக்கின்றது. அதற்கேற்ப வரிசையில் இடமும் வரவேண்டிய நேரமும் குறித்துத் தரப்படுகின்றன. நேரில் முந்தி வருவதால் பயன் இல்லையாதலின், கப்பல் தன் வேகத்தைக் குறைத்துக் கொள்கின்றது. கரையோரம் நங்கூரமிட்ட கப்பல்களின் கூட்டமும் குறைகின்றது. எரிபொருள் மிஞ்சுகின்றது, புயல் வருங்கால் ஆபத்தும் குறைகின்றது. ஒரே நடவடிக்கையால் இரு பயன்கள் விளைந்தமை ஈண்டு நோக்கத்தக்கது.

இதே படிப்பினை அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ், லாங் பீச் என்னும் இரட்டைத் துறைமுகங்களிலும் கிடைத்தது. பெருந்தொற்றுக் காலத்தில் அங்குக் கொள்கலன் கப்பல்கள் மலைபோல் தேங்கின. 2021 சனவரியில் வீசிய புயலில் நங்கூரங்கள் இழுபட்டுக் கடலடி எண்ணெய்க் குழாயைத் தாக்கின. அக்குழாய் அதே ஆண்டு அக்டோபரில் உடைந்து ஏறத்தாழ 588 பீப்பாய் எண்ணெய் கடலில் கலந்தது. நவம்பர் 16 முதல், முந்தைய துறைமுகத்திலிருந்து புறப்பட்ட நேரத்தைக் கொண்டே வரிசை கணக்கிடப்பட்டது. பசிபிக் கடலைக் கடந்து வரும் கப்பல்கள் கரையிலிருந்து 150 மைலுக்கு அப்பாலேயே இருக்குமாறு கூறப்பட்டன.

ஒப்பந்தச் சிக்கலுக்கும் வழி காணப்பட்டு வருகின்றது. குறித்த நேரத்தில் வருமாறு வேகத்தைக் குறைக்கும் கப்பல் ஒப்பந்தத்தை மீறியதாகக் கருதப்படாதவாறு, ‘பிம்கோ’ என்னும் பன்னாட்டுக் கப்பல் தொழிலமைப்பு 2021இல் மாதிரி விதியொன்றை வெளியிட்டது.

மறுப்பும் விடையும்

இம்முறைக்கு எதிர்ப்பு இல்லாமல் இல்லை. ‘வாயிலில் நான்கு கப்பல்கள் நின்றால்தான் சரக்குத் தளம் வேலையின்றிக் கிடக்காது, எல்லாம் குறித்த நேரத்திற்கே வருமாயின், ஒன்று தாமதித்தால் அனைத்தும் நிலைகுலையும்’ என்பர் துறைமுக நிர்வாகிகள். இதில் நியாயம் உண்டு. இடைவெளி இல்லாத ஏற்பாடு எளிதில் முறியும்; 2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயை ஒரே கப்பல் ஆறு நாள்கள் அடைத்தபோது உலகம் அதனைக் கண்டது.

ஆயினும் கையிருப்பாக வைக்கும் நேரத்தை எங்கே வைப்பது என்பதே வினா. நங்கூரத்தில் வைத்தால் அது எண்ணெயைத் தின்னும். புயலில் கப்பலையும் ஆட்களையும் பணயம் வைக்கும். பயணத்தில் வைத்தால், அதாவது மெதுவாகச் செல்லும் கப்பலின் வேகத்திற்குள் வைத்தால், தேவைப்படும்போது விரைவைக் கூட்டி அந்நேரத்தை மீட்கலாம். அதற்குத் துறைமுகம், இடம் எப்போது ஒழியும் என்பதை உண்மையாகவும் முன்கூட்டியும் சொல்ல வேண்டும்.

இம்முறை ஒன்றே போதும் என்று கூறுவதும் பொருந்தாது. நியூகாசிலில் கப்பல் எரிக்கும் எண்ணெய் குறைந்தாலும், அது சுமந்து செல்லும் நிலக்கரி எரிந்து தரும் புகை குறையவில்லை. நிகர அளவைச் சுழியமாக்கப் புதிய எரிபொருள்கள் வேண்டும். அவற்றிற்குப் பெரும் பணம் வேண்டும். அதற்கென வகுக்கப்பட்ட பன்னாட்டுக் கட்டண ஏற்பாட்டை ஏற்பது குறித்த முடிவு, 2025 அக்டோபரில் இலண்டனில் கூடிய கூட்டத்தில் ஓராண்டுக்கு ஒத்திவைக்கப்பட்டது. பெரிய முடிவுகள் தள்ளிப்போகும் காலத்திலும் கைக்கெட்டிய சீர்திருத்தங்களைச் செய்வதற்குத் தடை ஏதுமில்லை.

முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று உண்மைகள் புலனாகின்றன. முதலாவது, கப்பலின் புகையில் ஒரு பகுதி எந்திரத்தில் அன்று, வரிசை முறையிலும் ஒப்பந்தத்திலும் பிறக்கின்றது. இரண்டாவது, புகையைக் குறைக்கும் அதே ஒழுங்கு புயற்காலப் பாதுகாப்பையும் தருகின்றது. மூன்றாவது, இவ்விரண்டும் கப்பலுக்கும் கரைக்கும் இடையே நம்பத்தக்க செய்திப் பரிமாற்றமும், யார் எதற்குப் பொறுப்பு என்னும் தெளிவும் இருந்தாலன்றி நிகழா.

புயற்பாதையில் அமைந்த நெடிய கடற்கரையை உடையது நம் தமிழகம். இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் தலைமையிடம் சென்னையிலேயே உள்ளது. பொறியியல் பயிலும் மாணவர் எந்திரத்தையும், வணிகவியல் பயிலும் மாணவர் ஒப்பந்தத்தையும், புவியியல் பயிலும் மாணவர் புயலையும் கற்கின்றனர். கடற்கரையில் தரை தட்டிய கப்பலில் இம்மூன்றும் ஒருங்கே இருந்தன. இவற்றை ஒன்றாக நோக்கும் ஆய்வாளர்கள் நம் கல்லூரிகளிலிருந்து எழ வேண்டும். அவர்தம் ஆய்வைத் துறைமுகத் தொழிலாளியும் மாலுமியின் குடும்பமும் படித்துணரும் வண்ணம் தமிழில் எழுதுவதற்கு வேண்டிய சொற்களை ஆக்கித் தருவது தமிழ்த்துறையினரின் கடமையாகும்.