எரிவாயு அடுப்பும் சுடரின் நிறமும்

2016 மே 1-ஆம் நாள் உத்தரப் பிரதேசத்தின் பல்லியாவில் தொடங்கப்பெற்ற உஜ்வலா திட்டத்தால், விறகடுப்பில் சமைத்துவந்த கோடிக்கணக்கான குடும்பங்கள் எரிவாயு இணைப்புப் பெற்றன. அடுப்பைக் கையாளும் முறையை அச்சிட்டுத் தருவது போதாது. செய்து காட்டல் வேண்டும்.

சுடர் நீலமாயின் வாயு நன்கு எரிகிறது. மஞ்சளாகிப் பாத்திரத்தில் கரி படியுமாயின் காற்று போதவில்லை. பர்னர் துளைகள் அடைபட்டிருக்கலாம். அடுப்பு ஆறியபின் அவற்றைத் துலக்க வேண்டும். பாத்திரத்தின் அடியைத் தாண்டி எழும் சுடர் வீண்செலவே.

கசிவே பெரிய ஆபத்து. மணமற்ற இவ்வாயுவில் எத்தில் மெர்காப்டான் கலப்பது எச்சரிக்கைக்காகவே. காற்றைவிடக் கனமானதாதலால் வாயு தரையோரம் தேங்கும். நாற்றம் உணர்ந்ததும் மின்விசிறியைப் போட விரைவோர் உண்டு. சுவிட்சைப் போட்டாலும் அணைத்தாலும் பொறி எழக்கூடும். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்து, வெளியே சென்றபின் 1906 என்ற எண்ணை அழைத்தல் வேண்டும்.