'ரெகவர்': ஒரு சொல், பல வினைகள்

கேள்வி: 'ரெகவர்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு 'மீட்டல்' என்று எல்லா இடத்திலும் எழுதலாமா?

பதில்: எழுத முடியாது. நோயாளி தேறுகிறார், வங்கி கடனை வசூலிக்கிறது, மயங்கியவருக்கு நினைவு திரும்புகிறது. ஆங்கிலத்தில் மூன்றும் 'ரெகவர்'தான்.

அதன் உறவுச் சொற்களைப் பிரித்தறிய அந்தமான் நல்ல களம். 1942 மார்ச்சில் ஜப்பானியரிடம் இழந்த தீவுகள் 1945 அக்டோபரில் பிரிட்டிஷார் வசம் வந்தன. ஜப்பான் சரணடைந்த பிறகு கிடைத்ததால் இது 'ரீகெய்ன்', அதாவது திரும்பப் பெறுதல். போரிட்டுப் பிடித்திருந்தால் 'ரீகேப்சர்'.

'ரிட்ரீவ்' என்பது இருக்குமிடம் சென்று எடுத்து வருவது. 2016 ஜூலையில் தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்கு 29 பேருடன் புறப்பட்டுக் காணாமற்போன ஏஎன்-32 விமானத்தின் சிதைவுகள், 2024 ஜனவரியில் கடலில் சுமார் 3,400 மீட்டர் ஆழத்தில் எடுத்த படங்களில் அடையாளம் காணப்பட்டன. படத்தில் கண்டதை 'மீட்பு' என எழுதுவது பிழை. அது கண்டறிதல் மட்டுமே.

'ரீக்ளெய்ம்' உரிமை கோரிப் பெறுவது. கடலைத் தூர்த்து நிலமாக்குவதும் அதுவே. 2004 சுனாமியின்போது, அந்தமானை அடுத்த நிக்கோபாரின் தென்கோடியான இந்திரா முனையில் நிலம் 4 மீட்டருக்கு மேல் தாழ்ந்து கரை கடலுக்குள் போனது. அத்தகைய நிலத்தை மனிதர் மீட்டால் 'ரீக்ளெய்ம்'. சேதமடைந்த பவளத்திட்டு தானாகத் தழைத்தால் 'ரெகவர்'. தமிழில் அது மீட்டல் அல்ல, மீள்தல்.