ஒரு ஊசி ரத்தம் – இரண்டு உயிருக்குக் காவல்



வீட்டில் ஒரு பெண் முழுகாமல் இருந்தால் மாங்காய் வாங்கி வருவோம், தண்ணீர்க் குடத்தைத் தூக்க விடமாட்டோம். ஆனால் ரத்தப் பரிசோதனை என்றால் மட்டும், "அவ நல்லாத்தானே இருக்கா, எதுக்கு டெஸ்ட்டு?" என்பார்கள். ஆபத்தே அங்கேதான். தாயிடம் எந்த அறிகுறியும் காட்டாமல் குழந்தையைத் தாக்கும் நோய்கள் உண்டு. அவற்றுள் முக்கியமானவை மூன்று.

1. சிபிலிஸ்

மேகப்புண் எனப்படும் இந்நோயின் கிருமி தாயின் உடலில் பல வருடம் ஒளிந்திருக்கும். நஞ்சு வழியாகக் கருவை அடைந்தால் கருச்சிதைவு ஏற்படலாம். குழந்தை இறந்தே பிறக்கலாம். இதற்கான சோதனை வி.டி.ஆர்.எல். அல்லது ஆர்.பி.ஆர். இரண்டாவது மிக எளிது. ஒரு துளி சீரத்தை அட்டையில் விட்டு, கரித்துகள் கலந்த ஆன்டிஜனைச் சேர்த்து 8 நிமிடம் சுழற்ற வேண்டும். கறுப்புத் திட்டுகளாகத் திரண்டால் 'ரியாக்டிவ்'. கர்ப்பத்தினாலேயே சிலருக்குத் தவறாக அப்படிக் காட்டலாம் என்பதால், வேறொரு சோதனையால் உறுதி செய்வார்கள். மருந்து பென்சிலின் ஊசி. கணவரும் சோதித்து, நோய் இருந்தால் சிகிச்சை பெற வேண்டும். இல்லாவிட்டால் நோய் திரும்ப வரும்.

2. எச்.ஐ.வி.

இந்தியாவில் இக்கிருமி முதலில் கண்டறியப்பட்டது 1986ல், சென்னையில், டாக்டர் சுனிதி சாலமன் குழுவினரால். சிகிச்சை இல்லையேல் 100க்கு 15 முதல் 45 குழந்தைகளுக்குத் தாயிடமிருந்து தொற்றலாம். தாய் ஏ.ஆர்.டி. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டு, குழந்தைக்கும் மருந்து கொடுத்தால் 5க்கும் கீழே குறைக்கலாம்.

3. ஹெபடைடிஸ் பி

பிறக்கும்போது இது தொற்றினால் 100 குழந்தைகளில் சுமார் 90 பேருக்கு நிலைத்துவிடும். பிற்காலத்தில் கல்லீரல் சுருக்கமோ புற்றுநோயோ வரலாம். பிறந்த 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசி போடவேண்டும். தாய்க்கு நோய் உண்டென்று முன்பே தெரிந்தால் இம்யூனோகுளோபுலின் ஊசியும் சேர்த்துப் போடுவார்கள்.

நாம் செய்ய வேண்டியது

முதல் மூன்று மாதத்துக்குள் இச்சோதனைகளை முடிப்பது நல்லது. அரசு மருத்துவமனைகளில் இவை இலவசம். எச்.ஐ.வி. சோதனைக்கும் ஆலோசனைக்கும் நம்பிக்கை மையங்கள் உள்ளன. முடிவை வெளியே சொல்லக்கூடாது என்பதற்கு 2017ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. நோய் வந்தவளைக் குற்றவாளியாகப் பார்க்கும் பழக்கத்தை நாமாவது விடவேண்டும். அந்தப் பயத்தால்தான் பலர் ஆஸ்பத்திரிப் படியே ஏறுவதில்லை.

"நமக்கென்ன, நாம மெக்கானிக்கல், சிவில்" என்று நினைக்காதீர்கள். நம்மில் பலர் குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்க வந்தவர்கள். அக்காவோ அண்ணியோ ஆஸ்பத்திரிச் சீட்டை நம்மிடம்தான் நீட்டுவார்கள். "எல்லாம் சரியா இருக்கு" என்று மடித்துக் கொடுத்துவிடாமல், இந்த மூன்று பெயருக்கு நேரே முடிவு எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். காலியாக இருந்தால், "நாளைக்கே போய்க் கேளுங்க" என்று சொல்லுங்கள். முடிந்தால் கூடவே போய் வாருங்கள்.