கணிப்பொறியின் மின்வழங்கியைச் சோதிக்கும் முறை

கணிப்பொறி பழுதுற்றதென்று கேட்ட மாத்திரத்தே நம்மவரிற் பலர் அதன் பிராஸஸரையும், நினைவகத்தையும், தாய்ப்பலகையையுமே ஐயுறுகின்றனர். அவற்றிற்கெல்லாம் உணவூட்டுவதாய்ப் பெட்டியின் ஒரு மூலையிற் புழுதி படிந்து கிடக்கும் மின்வழங்கியை நினைப்பவர் சிலரே. கடைத்தெருவில் எஸ்.எம்.பி.எஸ். என்று வழங்கப்பெறுவது இதுவாகும். நினைப்பவருங்கூடப் பெரும்பாலும் அரைகுறையான சோதனையொன்றைச் செய்து, 'இது நன்றாயிருக்கின்றது' எனத் தீர்ப்புக் கூறி அப்பாற் சென்றுவிடுகின்றனர். அத்தீர்ப்பினால் விளையும் நஷ்டத்தை யாம் நேரிற் கண்டமையாலேயே இக்கட்டுரையை எழுதலானோம்.

நம் விடுதி மாணவர் ஒருவருடைய கணிப்பொறி, எழுதுங்காலும் படிக்குங்காலும் யாதொரு குறையுமின்றி இயங்கும். கடினமான கணக்கொன்றை ஏவிய சில நிமிடங்களில் முன்னறிவிப்பின்றி அணைந்து, தானே மீண்டும் தொடங்கும். அவர் அதனைப் பழுதுபார்ப்போர் ஒருவரிடங் கொண்டுசென்றார். அவர் மின்வழங்கியைக் கழற்றி, அதன் பெரிய கனெக்டரில் ஒரு ஜெம் கிளிப்பைச் செருகினார், விசிறி சுழன்றது. அதுகொண்டு மின்வழங்கி குற்றமற்றதென்றும், தாய்ப்பலகையே கெட்டதென்றும் முடிவு கட்டிப் புதிய பலகையை மாட்டிக் கொடுத்தனர். ஒரு பருவத்தின் உணவுக்கட்டணத்திற்காக வைத்திருந்த பணம் அதற்குச் செலவாயிற்று. அன்றிரவே கணிப்பொறி முன்போல் அணைந்தது. மறுவாரம் ஒப்புவிக்கவேண்டிய ஆய்வுரையின் ஓர் அத்தியாயமும் அதனோடு பாழாயிற்று. பின்னரே அவர் எம்மிடம் வந்தார்.

யாம் கண்டதைக் கூறுமுன், மின்வழங்கி செய்யுந் தொழிலைச் சிறிது விளக்குதல் வேண்டும். சுவரினின்று வரும் 230 வோல்ட்டு மாறுமின்சாரத்தை அது முதலில் ஒருதிசை மின்சாரமாக்குகின்றது. அவ்விடத்து அழுத்தம் ஏறத்தாழ 325 வோல்ட்டாகும். இக்காலத்து நல்ல வழங்கிகளில் 380 வோல்ட்டளவும் உயர்த்தப்படும். பின்னர் அதனை ஒரு நொடியிற் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டிச் சிறியதொரு டிரான்ஸ்பார்மர் வழியே செலுத்தி, 12, 5, 3.3 வோல்ட்டுகளாக இறக்கித் தருகின்றது. இங்ஙனம் வெட்டுவதனாலேதான் பழைய இரும்புச்சுமை நீங்கிப் பெட்டி இலகுவாயிற்று. 1977-ல் வெளிவந்த ஆப்பிள் 2 கணிப்பொறியில் இம்முறை கையாளப்பட்டது. 1981-ல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட கணிப்பொறியின் வழங்கி 63.5 வாட்டே தரவல்லது. இன்றோ 500 வாட்டுப் பெட்டியும் சாதாரணமாகிவிட்டது. 1995-ல் இன்டெல் நிறுவனத்தார் வகுத்த ஏ.டி.எக்ஸ். என்னும் அமைப்பே, சிற்சில மாறுதல்களுடன், இன்றளவும் நம் மேசைக் கணிப்பொறிகளிற் பெரும்பாலனவற்றில் நிலவுகின்றது.

ஈண்டு ஓர் எச்சரிக்கை. மின்வழங்கியின் உறையை மாணவர் எக்காரணத்தானும் திறத்தலாகாது. அதனுள் இருக்கும் பெரிய மின்தேக்கி, பிளக்கைப் பிடுங்கிய பின்னரும் மின்னேற்றத்தைத் தாங்கி நிற்கும். 390 மைக்ரோபாரட் கொள்ளளவுள்ள ஒன்று 380 வோல்ட்டில் ஏறத்தாழ 28 ஜூல் ஆற்றலை அடக்கியிருக்கும். அஃது ஓர் ஆளைக் கொல்லவும் போதியதாம். யாம் சொல்லப்போகுஞ் சோதனைகள் அனைத்தும் உறைக்கு வெளியே, 12 வோல்ட்டுக்கு மேற்படாத கம்பிகளிற் செய்யத்தக்கவை. உள்ளே பியூஸ் மட்டுமே போயிருக்கும் எனக் கருதித் திறப்பவர், அப்பியூஸ் பெரும்பாலும் வேறொரு பெரும்பழுதின் விளைவாகவே போகின்றதென்பதை அறியார்.

நிற்க. கணிப்பொறி சிறிதும் அசையாவிடின் முதலிற் பார்க்கத்தக்கவை சுவரின் பிளக்குத் துளையும், மின்கம்பியும், வழங்கியின் பின்புறத்துச் சுவிட்சுமேயாம். பழைய வழங்கிகளில் 115, 230 எனக் குறித்த சிவப்பு நிறத் தள்ளுசுவிட்சு ஒன்றுண்டு. நம் நாட்டில் அது 230-லேயே நிற்றல் வேண்டும். மாறியிருந்தால் ஒரு வெடியோசையோடு காரியம் முடிந்துவிடும். இவையெல்லாம் சரியாயிருப்பின் மல்டிமீட்டரை எடுத்து, 20 வோல்ட்டு நேர்மின் அளவையில் நிறுத்தி, அதன் கரிய புரோப்பைக் கரிய கம்பியொன்றிற் பொருத்துக. 24 முனையுள்ள பெரிய கனெக்டரின் பின்புறத்தே, கம்பி நுழையுந் துளைவழியே சிவந்த புரோப்பைச் செலுத்தி அளக்கலாம், கனெக்டரைக் கழற்றவேண்டுவதில்லை.

முதற்கண் ஊதா நிறக் கம்பியைப் பார்க்க. கணிப்பொறி அணைந்திருக்கும்போதும் அதில் 5 வோல்ட்டு நிற்றல் வேண்டும். அஃதில்லையேல் வழங்கி உயிரற்றது. அல்லது பலகையில் எங்கோ குறுக்குச்சுற்று நேர்ந்து அதனை அமுக்குகின்றது. கனெக்டரைக் கழற்றி மீண்டும் அளந்தால் இவ்விரண்டனுள் யாதெனத் தெரியும். ஊதாவில் 5 வோல்ட்டு இருந்தும் கணிப்பொறி தொடங்காவிடின், பச்சைக் கம்பியை நோக்குக. அது தாய்ப்பலகை வழங்கிக்குக் கட்டளையிடுங் கம்பி. அணைந்த நிலையில் அதில் அழுத்தம் உயர்ந்து நிற்கும். முன்புறப் பொத்தானை அழுத்தியவுடன் ஏறக்குறையச் சுழியமாதல் வேண்டும். அழுத்தியும் அது தாழாவிடின் குற்றம் பொத்தானிலோ பலகையிலோ உள்ளது. வழங்கியைப் பழித்தல் கூடாது. தாழ்ந்தும் மற்றைக் கம்பிகளில் மின்சாரம் வாராவிடின் வழங்கியையாவது, எங்கேனுமுள்ள குறுக்குச்சுற்றையாவது ஐயுறுக. இனிச் சாம்பல் நிறக் கம்பியொன்றுண்டு. எல்லா அழுத்தங்களும் நிலைபெற்ற பின், 100 முதல் 500 மில்லி செகண்டுக்குள் அதில் ஏறத்தாழ 5 வோல்ட்டு தோன்றும். தோன்றுமளவும் பிராஸஸர் வேலை தொடங்காது. விசிறிகள் சுழன்றும் திரையில் ஒன்றுந் தோன்றாத கணிப்பொறியிற் பலரும் மறந்துவிடுவது இக்கம்பியையே.

விலையுயர்ந்த சில வழங்கிகளிற் கம்பிகள் எல்லாம் கறுப்பாகவே இருக்கும். சில நிறுவனத்தார் தமக்கென வேறு முனையமைப்பு வகுத்துக்கொண்டதும் உண்டு. அத்தகையவற்றில் உற்பத்தியாளர் தரும் படத்தைக் கண்டே முனைகளை அறிதல் வேண்டும். 2020-ஐ ஒட்டிப் பரவத்தொடங்கிய ஏ.டி.எக்ஸ்.12.வி.ஓ. என்னும் புதுமுறையில் 12 வோல்ட்டு ஒன்றே வரும். அதன் பெரிய கனெக்டருக்கு 10 முனைகளேயாதலின் இக்கணக்கு அதற்குப் பொருந்தாது.

இனி அந்த ஜெம் கிளிப்புச் சோதனைக்கு வருவாம். பச்சைக் கம்பியைக் கரிய கம்பியோடு இணைப்பது, தாய்ப்பலகை இடும் கட்டளையை நாமே இடுவதாகும். விசிறி சுழன்றால், வழங்கி கட்டளையை ஏற்றதென்பதும், அதன் 12 வோல்ட்டு வழியில் விசிறியைச் சுழற்றுமளவு ஆற்றல் உண்டென்பதும் பெறப்படும். விசிறி உண்பதோ இரண்டு மூன்று வாட்டு. அதைக்கொண்டு 300 வாட்டுக்கு உறுதி கூறுதல் எங்ஙனம் இயலும்? வண்டிமாடு வாங்கப் புகும் உழவன், அது மரநிழலிற் கட்டுண்டு அசைபோடுங்கால் நோக்கி விலைபேசான். பாரமேற்றி மேட்டில் ஓட்டிப் பார்த்தே பணத்தை அவிழ்ப்பான். அதன் மறுதலையும் உண்மையே; சுமையின்றி இருக்குங்கால் விசிறியைச் சுழற்றாத வழங்கிகளும், சிறிதேனும் சுமையில்லாவிடின் தொடங்க மறுக்கும் பழைய வழங்கிகளும் உள. ஆதலின் விசிறி சுழலாமையும் முடிந்த சான்றன்று.

எனவே வழங்கியைப் பாரமேற்றிய நிலையிலேயே அளத்தல் வேண்டும். அதற்குக் கணிப்பொறியே சிறந்த பாரம். பிராஸஸரும் படம் வரையும் அட்டையும் முழுவீச்சில் உழைக்குமாறு ஒரு கணக்கை ஏவிவிட்டுக் கால்மணி நேரமாவது காத்திருந்து, அந்நிலையில் அளக்க. மஞ்சட் கம்பியில் 11.40-க்குக் குறையாமலும் 12.60-க்கு மிகாமலும் வோல்ட்டு நிற்றல் வேண்டும். சிவப்புக் கம்பிக்கு எல்லை 4.75 முதல் 5.25 வரை, ஆரஞ்சுக்கு 3.14 முதல் 3.47 வரை. இவை நூற்றுக்கு ஐந்து கூடவோ குறையவோ இடங்கொடுக்கும் எல்லைகள். நீலக் கம்பியில் எதிர் 12 வோல்ட்டு. அதற்கு நூற்றுக்குப் பத்து இடமுண்டு. கணிப்பொறி தன் திரையிலே தானே காட்டும் வோல்ட்டளவுகளைப் பெரிதும் நம்பற்க. நோயாளியே தன் நாடியைப் பார்த்துச் சொல்வது போன்றதே அது.

மேற்கூறிய மாணவரின் கணிப்பொறியில், வாளாவிருந்த நிலையில் மஞ்சட் கம்பி 12.04 வோல்ட்டு காட்டிற்று. அவ்வளவிலேயே நின்றிருந்தால் யாமும் அதனைக் குற்றமற்றதென்றே விடுத்திருப்போம். கணக்கை ஏவியவுடன் 11.52 ஆயிற்று, வழங்கி சூடேற ஏற எண்கள் இறங்கி, ஒன்பதாம் நிமிடத்தில் 11.08 கண்டவுடன் திரை இருண்டது. இங்ஙனம் மேன்மேலும் சரிவதற்கு ஒரு காரணமுண்டு. பிராஸஸரின் அருகிலுள்ள சீராக்கிகள் தமக்கு வேண்டும் வாட்டை எவ்வாற்றானும் இழுத்துக்கொள்வன. 120 வாட்டு வேண்டுமெனின், 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் போதும். 11 வோல்ட்டிலோ 10.9 ஆம்பியர் வேண்டும். அழுத்தந் தாழுந்தோறும் ஓட்டம் மிகும். ஓட்டம் மிகுந்தோறும் நலிந்த வழங்கியின் அழுத்தம் மேலுந் தாழும்.

ஆயினும் உடனே வழங்கியைக் குறைகூறலாகாது. கனெக்டரின் முனை கருகியிருப்பினும் இதே குறி தோன்றும். முனையில் 0.05 ஓம் தடை ஏற்பட்டால் 8 ஆம்பியர் ஓடுகையில் 0.4 வோல்ட்டு அங்கேயே வீணாகும். இதனை அறிய, பிராஸஸருக்குச் செல்லும் கனெக்டரில் ஒருமுறையும், ஒன்றோடும் இணைக்கப்படாத வேறு கனெக்டரில் ஒருமுறையும் அளக்க. வெற்றுக் கனெக்டரில் 12 வோல்ட்டு நின்று, பாரமுள்ளதில் மட்டும் குறைந்தால் குற்றம் முனையினது. அம்மாணவரின் பொறியில் இரண்டும் ஒருங்கே தாழ்ந்தன; ஆதலின் வழங்கியே குற்றவாளியெனத் துணிந்தோம்.

கணிப்பொறியோடு இணைத்துச் சோதிக்க அஞ்சுவோர், மோட்டார் வண்டிகளின் 12 வோல்ட்டு, 21 வாட்டு இண்டிகேட்டர் பல்புகளைப் பாரமாகக் கொள்ளலாம். ஒன்று 1.75 ஆம்பியர் உண்ணும். ஆறு பல்புகளுக்கு 10.5 ஆம்பியர். அவற்றை மஞ்சளுக்கும் கறுப்புக்கும் இடையே, இரண்டு மூன்று கனெக்டர்களிற் பகிர்ந்து இணைத்து, ஒவ்வொன்றாக ஏற்றுக. ஒருங்கே ஏற்றினால், குளிர்ந்திருக்கும் இழை எரியும் நிலையினும் பன்மடங்கு ஓட்டத்தை ஒருகணம் இழுக்குமாதலின், நல்ல வழங்கியும் அதனைக் குறுக்குச்சுற்றென்று மயங்கித் தன்னை அணைத்துக்கொள்ளும். இன்னுமொன்று: பழைய அமைப்புடைய வழங்கிகள் 12, 5 வோல்ட்டுகளை ஒருசேரச் சீர்செய்வன. 12-ல் மட்டும் பாரமேற்றினால் அது தாழவும், 5 உயரவுங் காண்போம். எனவே சிவப்புக் கம்பியிலும் 1 ஓம், 50 வாட்டுத் தடையொன்றை வைத்து 5 ஆம்பியர் இழுக்கச்செய்தலே நேர்மை. பல்பும் தடையும் தொட்டாற் சுடும். மேசையின்மேல் ஓடொன்றை வைத்து அதன்மீது அமைக்க.

மல்டிமீட்டருக்குப் புலனாகாத குற்றமும் ஒன்றுண்டு. அது காட்டுவது சராசரி. அதன்மேல் விரைந்தெழுந்தடங்கும் சிற்றலைகளை அது காணாது. 12 வோல்ட்டில் 120 மில்லிவோல்ட்டும், 5-லும் 3.3-லும் 50 மில்லிவோல்ட்டும் அவ்வலைகளின் உச்சியெல்லை. மின்தேக்கிகள் முதுமையுற்றால் அலைகள் மிகும். சூடு 10 டிகிரி கூடினால் அவற்றின் ஆயுள் பாதியாகுமென்பது பொறியியலார் கொள்ளும் பொதுக்கணக்கு. புழுதியடைத்த விசிறியின் கேடு இதனால் விளங்கும். அலைகளைக் காண ஆஸிலாஸ்கோப் வேண்டும்.

டெஸ்ட்டரைக் கணிப்பொறியின் இரும்புப் பெட்டியில் வைத்தால் ஒளிர்கின்றதென்றும், தொட்டாற் சுருக்கென்கின்றதென்றும் சிலர் வழங்கியை மாற்றுவர். வழங்கியின் வாயிலில் இரைச்சலைத் தடுக்க வைத்த சிறு மின்தேக்கிகள், எர்த்து இல்லாதவிடத்துப் பெட்டியை ஏறக்குறைய 115 வோல்ட்டுக்கு உயர்த்துவதே பெரும்பாலும் இதன் காரணம். மாற்றவேண்டியது சுவரிலுள்ள எர்த்துக் கம்பி, வழங்கியன்று. எர்த்து செவ்வையாயிருந்தும் சுருக்கென்றால் மட்டும் அப்பொறியை உடனே விலக்குக.

அம்மாணவரின் கணிப்பொறிக்குப் புதிய மின்வழங்கி ஒன்றை மாட்டி, அதே கணக்கை ஒருமணி நேரம் ஓடவிட்டோம்; மஞ்சட் கம்பி 11.93-க்குக் கீழ் இறங்கவில்லை. கெட்டதென்று கழற்றப்பட்ட பழைய தாய்ப்பலகையை அவர் நல்வினையாகத் தம் பெட்டியில் வைத்திருந்தார். அதனை எம் ஆய்வுக்கூடத்து வேறொரு பெட்டியிற் பொருத்தினோம்; இக்கட்டுரை அதிலேயே தட்டெழுதப்பட்டது.